முற்றத்தில் குறிஞ்சி பூக்குமா?

நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில் இடுக்கி மலைகளிலிருந்து இறங்கும் வண்டிகளில் புகைப்படங்கள் மட்டும் பயணம் செய்வதில்லை. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலை பூத்தபோது ஆயிரக்கணக்கில் மக்கள் ஏறினார்கள். பூவைப் பறிக்காதீர்கள், செடியைப் பிடுங்காதீர்கள், மீறினால் நடவடிக்கை என்று வனத்துறை எச்சரிக்க வேண்டி வந்தது. பிடுங்கியவர்கள் எல்லாம் கெட்ட எண்ணத்துடன் பிடுங்கியவர்கள் அல்ல. வேரோடு ஒரு செடியைக் கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்ளாதா என்ற ஆசைதான் பலருக்கு.

ஆசையில் வியப்பில்லை. தமிழன் தன் நிலப்பிரிவு ஒன்றுக்கே இந்தப் பூவின் பெயரை வைத்திருக்கிறான். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் குறிஞ்சியின் கறுத்த தண்டையும் அதன் பூவிலிருந்து தேனீ சேர்க்கும் தேனையும் கண்டு சொல்லியிருக்கிறார். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும், மூணாறு எஸ்டேட் லயங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்பவர்களுக்கும் அது பாட்டில் மட்டும் இருக்கும் பூவும் அல்ல. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் பூ.

வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு விடை இரண்டு பகுதியாக இருக்கிறது. நீலக்குறிஞ்சியை வளர்க்கக் கூடாது. முயன்றாலும் பெரும்பாலான ஊர்களில் தேறாது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த ஒரு மலைச்செடி, வீட்டுத் தோட்டத்துக்கு என்றே செய்ததுபோல, பாலக்காட்டுத் தென்னந்தோப்பிலும் வளரக் காத்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

முதலில் கூடாது என்பதற்குக் காரணம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய மூன்றாம் அட்டவணை, பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியல். நீலக்குறிஞ்சி அதில் இடம்பெற்றுள்ளது. சட்டத்தின் பெயரில் விலங்கு இருப்பதால் செடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டியலில் உள்ள செடிகளுக்கென்றே அதில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது.

அதன்படி காட்டு நிலத்திலிருந்து இந்தச் செடியைப் பறிப்பதும் பிடுங்குவதும் சேதப்படுத்துவதும் குற்றம். உயிருள்ள செடியானாலும் காய்ந்த செடியானாலும் அதன் பகுதியானாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். விதையும் செடியின் பகுதிதான். மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர் தரும் உரிமம் இல்லாமல் பயிரிடவும் முடியாது. பழங்குடியினர் தாங்கள் வாழும் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்காக எடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது. திருத்தத்துக்குப் பின் அது ஒரு லட்சம்.

இந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியைத் தன் சிவப்புப் பட்டியலில் 'அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம்' என்று சேர்த்தது. அந்த மதிப்பீட்டின்படி இது மொத்தம் 34 திட்டுகளில்தான் இருக்கிறது. ஒன்று சேர்வராயன் மலையில், ஏற்காட்டில். மற்ற 33-ம் மேற்குத் தொடர்ச்சி மலையில். வாழிடத்தில் சுமார் 40 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது. தேயிலை வந்தது, யூகலிப்டஸ் வந்தது, சீகை என்று மலைமக்கள் சொல்லும் வாட்டில் மரம் வந்தது, பிறகு விடுதிகள் வந்தன. குறிஞ்சி திறந்த புல்வெளியின் செடி. மரநிழல் விழுந்த இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

12 ஆண்டின் இரகசியம்

சட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முற்றத்தில் வைத்த செடி ஏமாற்றத்தையே தரும். நீலக்குறிஞ்சி வாழும் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 முதல் 2,400 மீட்டர் வரை. பனியும் மூடுபனியும் குளிர்ந்த இரவும் அதற்கு வேண்டும். சரிவில் மழைநீர் நில்லாமல் ஓட வேண்டும். பகலில் தலைக்கு மேல் வெயில் தடையின்றி விழ வேண்டும். பாலக்காடு நகரமோ கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லை. மலைத்தொடரில் விழுந்த பெரிய இடைவெளியின் வாயில் உட்கார்ந்துகொண்டு, கோடையில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும் ஊர். அங்கே இந்தச் செடிக்கு வேண்டிய எதுவும் இல்லை.

மூணாற்றிலோ தேவிகுளத்திலோ இருப்பவர், தங்கள் ஊருக்குக் குளிர் உண்டே என்று கேட்கலாம். அங்கே இடிக்கும் சங்கதி வேறு. நீலக்குறிஞ்சி ஒரே ஒரு முறை பூத்து மடியும் செடி. முளைத்துப் பல ஆண்டுகள் வெறும் பச்சைப் புதராக நிற்கும். 12-ஆம் ஆண்டு ஜூலை கடைசியில் மொட்டு விட்டு, அக்டோபர் வரை பூத்து, விதை முற்றியதும் காய்ந்துபோகும். மூணாறு, கொடைக்கானல் மலைகளில் 1982, 1994, 2006, 2018 என்று இந்தச் சக்கரம் சுழன்று வந்திருக்கிறது. அடுத்த முறை 2030. இடையில் வேறு வேறு மலைகளில் பூப்பவை வேறு கணக்கில் ஓடும் கூட்டங்கள், அல்லது வேறு குறிஞ்சி வகைகள். ஆகவே வீட்டில் வைத்தால் 12 ஆண்டு தண்ணீர் ஊற்றி, ஒரு மழைக்காலம் பூ பார்த்து, பிறகு அடுப்புக்கு வெட்ட வேண்டியதுதான்.

ஏன் இப்படி எல்லாம் சேர்ந்து பூக்கின்றன? தாவரவியலாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம் இது. விதையைத் தின்ன எலியும் பறவையும் பூச்சியும் எப்போதும் உண்டு. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் அத்தனையும் அவற்றின் வயிற்றுக்குள் போகும். பல ஆண்டு ஒன்றும் தராமல் பட்டினி போட்டுவிட்டு, ஒரே பருவத்தில் மலையளவு கொட்டினால் தின்றது போக மிஞ்சும். தேனீக்களும் அந்த விருந்துக்குக் கூட்டமாகத் திரளும். அதாவது, நீலக்குறிஞ்சியின் பலம் அதன் கூட்டத்தில் இருக்கிறது. கூட்டத்திலிருந்து பிரித்துத் தொட்டியில் வைத்த ஒற்றைச் செடிக்கு அந்தப் பலம் கிடையாது. பிடுங்கிய இடத்தில் விழ வேண்டிய விதையும் விழாமல் போகிறது. பூக்கும் ஆண்டில் பிடுங்கிய ஒரு செடி, அந்த இடத்தில் அடுத்த 12 ஆண்டுக்கான செடிகளையும் சேர்த்துப் பிடுங்கியதற்குச் சமம்.

வீட்டிலேயே இருக்கும் உறவுகள்

நீலக்குறிஞ்சி இல்லையென்றால் குறிஞ்சியே இல்லை என்று ஆகாது. குறிஞ்சி இனத்தில் உலகெங்கும் 300-க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் சில ஆண்டுதோறும் பூக்கின்றன. சில பல ஆண்டுக்கு ஒருமுறை. இவை சேர்ந்த பெரிய குடும்பத்தில் ஆடாதோடை, நிலவேம்பு, கூந்தலில் வைக்கும் கனகாம்பரம் எல்லாம் உண்டு. எச்சில் பட்டதும் படாரென்று வெடிக்கும் பட்டாசுக்காயை வைத்து விளையாடாத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அதுவும் இந்தக் குடும்பம்தான். குறிஞ்சியின் விதைப்பையும் அதே வித்தையைத்தான் காட்டுகிறது. முற்றியதும் வெடித்து விதையை எறிந்துவிடும்.

கேரளத்தில் பல வீடுகளின் ஓரத்தில் முறிகூட்டி என்ற செடியைப் பார்க்கலாம். இலையின் மேல்பக்கம் சாம்பல் பூசிய பச்சை, அடிப்பக்கம் ஊதா, நடுவே சிறு வெள்ளைப்பூ. வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கிப் பிழிவது நாட்டு வழக்கம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த இந்தச் செடியையும் தாவரவியலாளர்கள் இப்போது குறிஞ்சி இனத்திலேயே வைத்திருக்கிறார்கள். குறிஞ்சி வேண்டும் என்று மலையேறிப் பிடுங்குகிறவர் வீட்டுக் கிணற்றடியிலேயே அதன் தூரத்து உறவு நிற்பதை அறிவதில்லை.

ஆனால் முற்றத்துக்கு உண்மையான மலைக்குறிஞ்சியே வேண்டும் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. மலையாளத்தில் கரிங்குறிஞ்ஞி, தமிழில் கருங்குறிஞ்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், பெரிய மரங்களின் காலடியில் வளரும் புதர். ஆள் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். இலை விளிம்பில் பல், கணுக்களில் வீக்கம், வெண்மையும் வெளிர் ஊதாவும் கலந்த சிறு பூக்கள். மலையையே சாயமேற்றும் ஆடம்பரம் இதற்கு இல்லை. பனிக்காலத்தை ஒட்டி அமைதியாகப் பூக்கும். 12 ஆண்டு காக்க வைக்காது.

கேரள ஆயுர்வேதத்தில் சகசரம் என்ற பெயரில் பயன்படுவது இதன் வேர்தான். இடுப்புவலி, கால்வலி, வாத நோய்களுக்குத் தேய்க்கும் சகசராதி தைலத்தின் பெயரே இதிலிருந்து வந்தது. இந்தப் புகழே செடிக்கு வினையும் ஆயிற்று. வேர் வேண்டும் என்றால் செடி முழுவதும் போக வேண்டும். மருந்துக்கான தேவையில் பெரும்பகுதி காட்டிலிருந்தே பிடுங்கப்பட்டதால் பல இடங்களில் கருங்குறிஞ்சி அருகிவிட்டது. நீலக்குறிஞ்சியை வீட்டில் வளர்க்காமல் இருப்பது அதற்குச் செய்யும் உதவி. கருங்குறிஞ்சியின் கதை நேர்மாறானது. தோட்டத்தில் வளரும் ஒவ்வொரு செடியும் காட்டில் ஒரு செடியின் சுமையைக் குறைக்கிறது.

நடும் முறை

கருங்குறிஞ்சி அடம்பிடிக்காத செடி. விதைக்குக் காத்திருக்க வேண்டாம். குச்சி நட்டாலே வேர் பிடிக்கும். காட்டுக்குள் போய் ஒடித்து வருவது கூடாது. மூலிகை நர்சரிகளில் நாற்று கிடைக்கும். ஏற்கெனவே வளர்க்கும் வீட்டில் கேட்டால் கிளை வெட்டித் தருவார்கள். வெட்டினால் செடி இன்னும் நன்றாகத் தழையும்.

இடவப்பாதி மழை தொடங்கும் ஜூன் மாதம் இதற்கு ஏற்ற காலம். மிக இளசாகவும் இல்லாமல் முற்றிப்போகாமலும் உள்ள தண்டில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, மூன்று கணுக்கள் இருக்கும்படி சாய்வாக வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே ஒரு ஜோடி இலையை மட்டும் பாதியாக நறுக்கி விடலாம். மணல், மேல்மண், மக்கிய எரு மூன்றும் சம அளவில் கலந்த நாற்றுப் பையில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். பையை நிழலில் வைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் புதுத்துளிர் வரும். இரண்டு மாதத்தில் தோட்டத்துக்கு மாற்றலாம்.

தோட்டத்தில் இடம் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுவார்கள். பூச்செடி என்றால் வெயிலில் வைக்க வேண்டும் என்பது பொது வழக்கம். இதுவோ மரத்தடியில் பிறந்த செடி. தென்னை, கமுகு, பலா ஆகியவற்றின் சல்லடை நிழல் போதுமானது. வேறு எதுவும் வராமல் சும்மா கிடக்கும் வடக்குச் சுவர் ஓரமும் இதற்குப் பிடிக்கும். ஒரு முழம் அகல ஆழத்தில் குழி வெட்டி, எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் விட்டு நட வேண்டும். வரிசையாக வைத்து வெட்டி விட்டால் உயிர்வேலியாகவும் அமையும்.

பாலக்காட்டின் கிழக்கே சித்தூர்ப் பக்கம் இரண்டு கவனம் அதிகம் வேண்டும். அங்குள்ள கரிசல் மண் மழையில் நீரைப் பிடித்துக்கொள்ளும். குழியில் மணல் கூட்டிச் சற்று மேடாக்கி நட வேண்டும். மார்ச் முதல் மே வரை கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். தென்னை மட்டை, காய்ந்த இலை என்று கிடைத்ததைக் கொண்டு அடியில் மூடாக்குப் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும். இலை வாடித் தொங்கினால் அவசரப்பட வேண்டாம். மாலையில் தண்ணீர் விட்டால் காலையில் நிமிர்ந்துவிடும்.

இரசாயன உரம் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை மண்புழு உரமோ மக்கிய சாணமோ போதும். பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதர் அடர்த்தியாகும். வெட்டிய குச்சியெல்லாம் அடுத்த ஆண்டு நாற்று. இலையில் ஓட்டை விழுந்தால் மருந்துப் புட்டியைத் தேட வேண்டாம். இந்தக் குடும்பத்துச் செடிகள் சில பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவு. சில இலைகளை விட்டுக்கொடுத்தால் முற்றத்துக்குப் பட்டாம்பூச்சி வரும். வேர் வேண்டுபவர்கள் இரண்டு ஆண்டு கழித்துத் தோண்டலாம். தோண்டும் முன் குச்சிகளை நட்டுவிட்டால் செடியின் இருப்பு குறையாது. மருந்து செய்வதை மட்டும் வைத்தியரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஹைரேஞ்ச்காரர்களுக்கு

மூணாறு, வட்டவடை, மறையூர் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு வேலை வேறு. லயத்து வாசலில் டேலியாவும் ஜெரேனியமும் ஹைட்ராஞ்சியாவும் பூக்கட்டும். அவை குளிருக்கு நன்றாக வரும். சொந்த நிலத்தின் சரிவிலோ பாதையோரத்திலோ நீலக்குறிஞ்சி தானாக முளைத்திருந்தால் அதற்குச் செய்யக்கூடிய பெரிய பராமரிப்பு, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். பூக்காத ஆண்டுகளில் அது வெறும் புதராகத் தெரியும். களை என்று நினைத்து வெட்டிவிடுவதும், கோடையில் புல்லுக்கு வைத்த தீ அதன் மேல் ஏறுவதும்தான் அதன் வழக்கமான முடிவு. பூத்து மடிந்த ஆண்டின் காய்ந்த தண்டு மிக எளிதில் தீப்பற்றும்; அதன் அடியில்தான் அடுத்த தலைமுறையின் விதை கிடக்கிறது. பக்கத்தில் முளைக்கும் சீகைக் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் புல்வெளிக்கு நிழல் விழாது.

2006-இல் குறிஞ்சி பூத்தபோது வட்டவடை, கொட்டக்கொம்பூர் கிராமங்களில் 3,200 ஹெக்டேர் நிலம் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பூவின் பெயரில் சரணாலயம் என்பது அபூர்வம். அறிவிப்பு வந்த கையோடு பட்டா, எல்லை, யூகலிப்டஸ் தோட்டம் என்று சர்ச்சைகளும் தொடங்கின. வேலிக்குள் எவ்வளவு நிலம் என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, வேலிக்கு வெளியே உள்ள குறிஞ்சியின் கதியை முடிவு செய்வது அங்கே வாழும் மக்களின் அரிவாளும் தீப்பெட்டியும்தான்.

தோட்டத்திலிருந்து மலைக்குப் போனவை

இங்கே தோட்டக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மலைப்பூவைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் ஆசையால் மலைக்கு நேர்ந்ததைவிட, தோட்டப்பூ மலைக்குப் போனதால் நேர்ந்த சேதம் அதிகம். இன்று முதுமலை முதல் பெரியாறு வரை காடுகளை அடைத்து நிற்கும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கப் பூச்செடி. கேரளத்தில் புல்தரைக்குப் பதிலாக வைத்த மஞ்சள் நிறச் சிங்கப்பூர் டெய்சி, வேலி தாண்டி ஓடைக்கரைகளை மூடிக்கொண்டிருக்கிறது.

எனவே மலையடிவாரத்தில் தோட்டம் வைப்பவர் ஒரு செடியை வாங்கும் முன் பூ எப்படி என்று கேட்பதோடு, வேலி தாண்டினால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். கருங்குறிஞ்சி தாண்டினாலும் தன் சொந்த மலைக்குத்தான் போகும். அதே நிம்மதியோடு வைக்கக்கூடிய மற்ற மண்ணின் பூக்களும் உண்டு. மலையாளிகள் மேந்தோன்னி என்று அழைக்கும் செங்காந்தள் கிழங்கிலிருந்து வேலியில் ஏறும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். காசித்தும்பையை விதை தூவினாலே போதும். உலகத் தோட்டங்களில் புகழ்பெற்ற, சிவப்பும் மஞ்சளுமாகச் சரம் தொங்கும் மைசூர் தன்பெர்ஜியாக் கொடி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரிதான். பந்தல் போட்டால் தேன்சிட்டு தேடி வரும்.

2030-இல் மூணாறு மலைகள் மீண்டும் நீலமாகும். அதற்கு முன் உள்ள மழைக்காலங்களில் கருங்குறிஞ்சிக் குச்சி ஒன்றை நட்டவர்களுக்கு, மலையிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டிய அவசியம் இருக்காது. குறிஞ்சி வீட்டிலேயே இருக்கும். மலையில் உள்ளதை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கி வரலாம்.